மலையேறிய ஊர் – 5: ஆயக்கட்டு இல்லாத கண்மாய்

கொடைக்கானல் என்றதும் ஏரிதான் முதலில் கண்ணில் வந்து நிற்கும். வாடகை சைக்கிள், குதிரை, மிதிபடகு, சோளக்கதிர் சுடும் புகை எல்லாம் அதைச் சுற்றியே. ஏரி இருந்ததால் ஊர் வந்தது என்று யாரும் நினைத்துக்கொள்வார்கள். கணக்கு நேர்மாறு. ஊருக்கு ஏரியைவிட 18 வயது கூடுதல். 1845ல் முதல் இரண்டு பங்களாக்கள் எழும்பியபோது, இன்று தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் சேறும் கோரைப்புல்லும் சில ஓடைகளும்தான் இருந்தன.

லெப்டினன்ட் வார்டு 1821ல் வெள்ளகவி வழியாக ஏறி அளவெடுத்துப் போனதையும், 1834ல் மதுரை சப்-கலெக்டர் ரௌட்டனும் வருவாய் வாரியத்தின் காட்டனும் தேவதானப்பட்டிப் பக்கமிருந்து மேலேறி செண்பகனூருக்கு அருகே ஒரு சிறு பங்களா போட்டதையும் சென்ற இதழில் பார்த்தோம். அதிகாரிகள் வந்தார்கள், தங்கினார்கள், இறங்கிவிட்டார்கள். பெண்டு பிள்ளைகளோடு வந்து வீடு கட்டிய முதல் வெள்ளையர்கள் ஆங்கிலேயர்கள் அல்லர். அமெரிக்கர்கள்.

அவர்கள் வந்த வழி யாழ்ப்பாணம். அமெரிக்க மிஷன் 1816லேயே அங்கே பள்ளிக்கூடங்களும் ஆலயங்களுமாகக் காலூன்றிவிட்டது. அதன் கிளையாக 1834ல் மதுரை மிஷன் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் தமிழ் படித்தவர்கள் பாக் நீரிணையைத் தாண்டி மதுரைக்கு வந்தார்கள். வந்தவர்களைக் காலராவும் காய்ச்சலும் வாரிக்கொண்டு போயின. முதல் பத்தாண்டுக்குள் ஆண்கள், பெண்கள், கைக்குழந்தைகள் என்று பலரைப் புதைக்க வேண்டியிருந்தது.

கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது 1897ல். 1840களில் காய்ச்சலுக்குக் காரணம் கெட்ட காற்று என்றே மருத்துவர்களும் நம்பினார்கள். கெட்ட காற்றுக்கு மருந்து நல்ல காற்று. நல்ல காற்று இருப்பது மலைமேல். காரணம் தவறு, வைத்தியம் ஓரளவு சரி. மதுரைக்கு அருகில் இருக்கிறதே என்று முதலில் சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்தார்கள். சிறுமலையின் உயரம் சுமார் 4,000 அடி. காய்ச்சல் அங்கேயும் கூடவே ஏறி வந்தது. அடுத்து இருந்தது பழனிமலைத் தொடர். அதன் மேல்தளம் ஏறக்குறைய 7,000 அடி. அந்தக் குளிரில் கொசுவுக்கு வேலை இல்லை.

ஊட்டி அப்போதே பெயர்பெற்ற இடம்தான். இவர்கள் ஏன் அங்கே போகவில்லை? மதுரையிலிருந்து ஊட்டி வெகு தூரம், ரயிலும் கிடையாது. அதோடு, கவர்னரும் பட்டாளத்து அதிகாரிகளும் பந்தாவாகக் கோடையைக் கழிக்கிற இடத்தில், மிஷன் சம்பளத்தில் வாழும் அமெரிக்கப் பாதிரியாருக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும்? இது என் ஊகம்தான். ஆனால் கொடைக்கானலின் பிற்காலத்தைப் பார்க்கும்போது அந்த ஊகம் வலுக்கிறது.

1845 ஜூனில் வேலை தொடங்கி, அந்த ஆண்டு முடிவதற்குள் ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்று இரண்டு வீடுகள் குடியிருக்கத் தயாராகிவிட்டன. வீட்டுக்கு எண் கிடையாது, பெயர்தான். அந்த வழக்கம் அன்று தொடங்கி இன்றும் போகவில்லை. பழைய கொடைக்கானல்வாசியிடம் விலாசம் கேட்டால் தெருவைச் சொல்லமாட்டார், பங்களாவின் பெயரைச் சொல்லுவார். கருங்கல் சுவர், சரிவான கூரை, அதற்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும் புகைபோக்கி, முன்பக்கம் கண்ணாடி அடைத்த தாழ்வாரம், வாசலில் ஒரு பேரி மரம்: இந்த அச்சில் வார்த்த வீடுகள் மேட்டுக்கு மேடு எழும்பின. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் ஒரு சோலையோ ஓடையோ கிடந்தது. ஊர் என்று சொல்லும்படி அதில் தெருவும் இல்லை, நடுவும் இல்லை.

1852ல் பம்பாய்ப் படையைச் சேர்ந்த மேஜர் பார்ட்ரிட்ஜ் வந்து வீடு கட்டினார். அவர் கூடாரம் அடித்த சோலைக்குத்தான் பம்பாய் சோலை என்று பெயர் நின்றுவிட்டது. ஆஸ்திரேலிய யூகலிப்டஸையும் வாட்டிலையும் இந்த மலைக்குக் கொண்டுவந்தவர்களில் முதல்வராக அவரைச் சொல்லுவார்கள். குளிருக்கு விறகு வேண்டும், சோலை மரம் மெதுவாக வளரும், ஆகவே வேகமாக வளரும் வெளிநாட்டு மரம். அன்று அது சாமர்த்தியமாகத்தான் தெரிந்திருக்கும். பின்னாளில் வனத்துறை அதே வாட்டிலை மலைமேல் புல்வெளி முழுக்க நட்டுத் தள்ளியதும், மழையைக் குடித்து வைத்திருந்து ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்த அந்தப் புல்வெளி அழிந்ததும் தனி அத்தியாயம்.

வீடு கட்டினார்கள் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். கட்டியது எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் கொடைக்கானலுக்கு வாசல் வத்தலக்குண்டு இல்லை, பெரியகுளம். மலையடிவாரத்தில் கிருஷ்ணம்மநாயக்கன்தோப்பு என்ற இடத்தில் வண்டிச் சாலை முடியும். அதற்குமேல் 11 மைல் ஏற்றம், சக்கரம் போகாத பாதை. கருங்கல்லும் மரமும் மேலேயே கிடைத்தன. மற்றபடி ஜன்னல் கண்ணாடி, கதவுக் கீல், ஆணி, இரும்பு அடுப்பு, கட்டில், பீங்கான், மாவு மூட்டை என்று மலைமேல் விளையாத ஒவ்வொரு பொருளும் ஒரு மனிதனின் தலையிலோ ஒரு பொதிமாட்டின் முதுகிலோதான் ஏறியாக வேண்டும். கண்ணாடி அடைத்த அந்தத் தாழ்வாரங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த 11 மைல்தான் நினைவுக்கு வரும்.

பொருள் மட்டுமா? துரையும் துரைசாணியும் பிள்ளைகளும்கூடத் தோளில்தான் ஏறினார்கள். நாற்காலியின் இரு பக்கமும் மூங்கில் கழி கட்டி ஆட்கள் தூக்குவார்கள். அதுதான் டோலி. மாற்று ஆட்கள் பக்கத்திலேயே நடந்து வருவார்கள். வளைவுகளில் கழி பாறையில் இடிக்காமல் திருப்ப வேண்டும். ஏற்றத்தில் முன்னால் இருப்பவர் கழியைத் தாழ்த்திப் பிடிக்க, பின்னால் வருபவர் உயர்த்திப் பிடிக்க, நடுவில் உட்கார்ந்திருப்பவர் சமமாக இருக்க வேண்டும். அதிகாலையில் புறப்பட்டால் கீழே புளியமரமும் வெக்கையுமாக இருக்கும் காற்று, பாதி வழியில் காப்பித் தோட்டத்து வாசனையாக மாறும். மேலே போய்ச் சேரும்போது உட்கார்ந்து வந்தவருக்குக் கம்பளி தேவைப்படும், தூக்கி வந்தவருக்கு வியர்த்துக் கொட்டும். ‘கூலி காட்’ என்றே அந்தப் பாதைக்குப் பெயர் வழங்கியது. பாதைக்கு அவர்கள் வேலையின் பெயர் கிடைத்தது; தூக்கியவர்களில் ஒருவரின் பெயரும் பங்களாப் பெயர்களைப் போல நிலைக்கவில்லை.

இப்போது ஏரியை உண்டாக்கிய கலெக்டருக்கு வருவோம். வீர் ஹென்றி லெவின்ஜ், அயர்லாந்துக் குடும்பத்துக்காரர். 1860களில் மதுரை கலெக்டர். கொடைக்கானலின் மேல் அவருக்கு ஏற்பட்டது சாதாரணப் பிரியம் இல்லை. பாதையைச் சீராக்கினார், மரமும் செடியும் கொண்டுவந்து நட்டார், 1867ல் ஓய்வுபெற்றதும் சொந்த நாட்டுக்குத் திரும்பாமல் இங்கேயே குடியேறி, 1885ல் இறக்கும்வரை இருந்தார். அவர் செய்ததில் நிலைத்தது ஒன்றுதான். 1863ல், பள்ளத்தில் ஓடைகள் சேர்ந்து வெளியேறும் வாயில் ஒரு கரை போட்டார். செலவில் பெரும்பங்கு அவர் கைப்பணம் என்று சொல்லப்படுகிறது.

மதுரை ஜில்லா கண்மாய்களின் நாடு. கரை, கலிங்கு, மடை, மராமத்து, யாருக்கு எப்போது தண்ணீர் என்ற வழக்கு, இவற்றோடு மல்லுக்கட்டுவது அங்கே கலெக்டராக இருப்பவனின் அன்றாடம். சரிவில் ஓடிவரும் தண்ணீரை எந்த இடத்தில் மறித்தால் தேங்கும் என்று பார்க்கும் கண் லெவின்ஜுக்கு அங்கேதான் பழகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கொடைக்கானல் ஏரி அடிப்படையில் ஒரு கண்மாய்தான். தாழ்ந்த வாயை அடைத்தார்கள், மழைத் தண்ணீர் ஏறியது. ஏறும்போது பக்கத்துப் பள்ளங்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் விரல் நுழைத்ததுபோல் புகுந்தது. அதனால்தான் அது வட்டமாகவும் இல்லை, நீளமாகவும் இல்லை, நட்சத்திரம்போலக் கை கை பிரிந்து கிடக்கிறது. பரப்பு 60 ஏக்கர்.

வேறுபாடு ஒன்று உண்டு. கண்மாய் என்றால் அதற்கு ஆயக்கட்டு இருக்கும், அதை நம்பி வயல் இருக்கும். லெவின்ஜ் கட்டியதற்கு வயல் கிடையாது. வழியும் தண்ணீர் மலைச் சரிவில் இறங்கி வெள்ளி அருவியாக விழுகிறது. பஸ்ஸில் போகிறவர்கள் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்களே, அதேதான். ஊர் குடிப்பதற்குக்கூட இந்தத் தண்ணீர் வரவில்லை. குடிநீருக்கு அப்சர்வேட்டரிப் பக்கத்து அணை, மனோரஞ்சிதம் அணை என்று பின்னால் தனியாக ஏற்பாடு செய்யவேண்டி வந்தது. பார்ப்பதற்கும் படகு விடுவதற்கும் மட்டுமே கட்டிய நீர்நிலை இது. முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது. கடலோரத்துப் படகு 7,000 அடிக்கு எப்படி வந்தது என்று யோசித்தால், விடை மறுபடியும் தோள்தான்.

ஆனால் ஏரி இந்த ஊருக்குச் செய்த காரியம் பெரிது. மேட்டுக்கு ஒன்றாக, முகம் திரும்பி நின்ற வீடுகளுக்கு ஒரு நடுவை அது கொடுத்தது. கரையைச் சுற்றி 5 கிலோமீட்டர் அளவுக்குச் சாலை வந்தது. மாலையில் எல்லோரும் நடக்கும் வழி அதுவானது. புது பங்களாக்கள் ஏரியைப் பார்த்தபடி எழும்பின. கரையோர மனைக்கு ஒரு மதிப்பு, மேட்டு மனைக்கு ஒரு மதிப்பு என்றானது. 1872ல் லெப்டினன்ட் கோக்கர், தெற்குப் பக்கத்துப் பாறை விளிம்பில் நடைபாதை வெட்டினார். ‘கோக்கர்ஸ் வாக்’ என்று நாம் டிக்கெட் வாங்கி நடக்கிற வழி அது. கீழே சமவெளி வெயிலில் வெந்துகொண்டிருப்பதை மேகத்துக்கு மேலிருந்து பார்க்கலாம். ஆக, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தாக்கு, இரண்டுக்கும் நடுவே ஊர்.

அந்த ஊருக்குள் கொஞ்ச காலத்திலேயே பல குட்டி ஊர்கள் உருவாகிவிட்டன. அமெரிக்கர்களைப் பார்த்து மற்ற புராட்டஸ்டன்ட் மிஷன்களும் வளாகம் வளாகமாக இடம் பிடித்தன. அங்கே பிரார்த்தனைக் கூட்டம், பாட்டு, தேநீர், டென்னிஸ், ஊழியம் பற்றிய மாநாடு. ஆங்கில அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் தனி உலகம். அவர்களுக்கு 1887ல் கிளப், 1890ல் படகுக் கழகம், 1895ல் கோல்ஃப். மது அருந்தும் கூட்டமும் அருந்தாத கூட்டமும் ஒரே ஏரிக்கரையில் எதிரும் புதிருமாக நடந்து, தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிக்கொண்டு போயிருக்கும். கத்தோலிக்கர் மூன்றாவது உலகம். பிரெஞ்சு சேசு சபைப் பாதிரியார் லூயி சென் சீர் 1860களில் எழுப்பிய சலேத் மாதா கோயிலும், 1895ல் செண்பகனூரில் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியும் அவர்களுடையவை. இந்த மூன்றில் தமிழ் மக்கள் தங்களுடையது என்று உரிமையோடு எடுத்துக்கொண்டது சலேத் கோயிலைத்தான். ஆகஸ்ட் 14, 15ல் தேர் வரும்போது போய்ப் பார்த்தால் புரியும்.

கொடைக்கானல் ஏரியில் பொதுமக்களும் சுற்றுலா வந்தவர்களும் படகு ஏற வழி பிறந்தது 1932ல்தான். கட்டி 69 ஆண்டு கழித்து. கண்மாயில் கால் நனைக்க நம் கிராமத்தில் எந்தக் குழந்தையும் இவ்வளவு காத்திருந்ததில்லை. கண்மாயிலும் எல்லோருக்கும் எல்லாத் துறையும் திறந்திருந்ததா என்று கேட்டால் அதற்கு நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். துறைக்குத் துறை சாதி பார்த்தவர்கள் நாம்.

இந்த பங்களாக் கூட்டத்துக்கு முன்பே மலையில் ஆட்கள் இருந்தார்கள் என்பதை ஒவ்வொரு இதழிலும் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் ‘யாரும் இல்லாத காட்டில் வெள்ளைக்காரன் உண்டாக்கிய ஊர்’ என்ற பேச்சு அத்தனை எளிதில் போவதாயில்லை. பளியரும் புலையரும் இந்த மலையின் பழங்குடிகள். குன்னுவர் சமவெளியிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன்பே ஏறி வந்து படிக்கட்டு வயல் வெட்டியவர்கள். வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர், பண்ணைக்காடு எல்லாம் ‘சன்னிசைடு’க்கு வெகுகாலம் மூத்தவை. வார்டு இளைப்பாறிய வெள்ளகவியை எடுத்துக்கொள்ளுங்கள். சரிவில் தொங்குகிற சிற்றூர். திரும்பிய பக்கமெல்லாம் சாமி இருப்பதால் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. பங்களாக்களுக்குச் சாலை, விளக்கு, முனிசிபாலிட்டி என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம் முழுக்க, அந்த மலையை அளக்க வந்தவனுக்கு வழிகாட்டிய ஊர் நடந்தேதான் மேலும் கீழும் போய்வந்தது.

பங்களாவுக்குப் பாலும் விறகும் கோழியும் காய்கறியும் யார் கொடுத்தது? முதலில் இந்த மலை ஊர்கள். பிறகு, வேலை தேடி ஏறி வந்த சமவெளிக்காரர்கள். பட்லர், ஆயா, தோட்டக்காரர், வண்ணார், தச்சர், கொத்தனார் என்று ஒவ்வொரு பங்களாவுக்கும் பின்னால் ஒரு குடும்பக் கூட்டம் இருந்தது. சீசன் முடிந்து துரைமார் இறங்கியபின் பூட்டிய வீட்டைக் காத்து, ஆடி ஆவணி மழையையும் மார்கழிப் பனியையும் கழித்தவர்கள் அவர்கள். ஊரின் நிரந்தரக் குடிகள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அவர்களைத்தான் சொல்ல வேண்டும். இன்று ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மலைப்பூண்டும் கேரட்டும் பிளம்ஸும் பட்டர் ஃப்ரூட்டும் விற்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், தாத்தா ஏதோ ஒரு பங்களாவில் வேலை பார்த்த கதை வந்துவிடும்.

1899ல் கொடைக்கானல் முனிசிபாலிட்டியானது. 1901 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,912. ஒரு முனிசிபாலிட்டிக்கு இது சிரிப்பு வரவைக்கும் எண். ஆனால் கணக்கெடுப்பு நடந்தது மார்ச் தொடக்கத்தில், துரைமார் இன்னும் சமவெளியில் இருந்தபோது. ஏப்ரல், மே மாதங்களில் எடுத்திருந்தால் வேறு எண் வந்திருக்கும். இந்த 1,912ல் பெரும்பாலோர் நான் மேலே சொன்ன நிரந்தரக் குடிகள்தான். (2011ல் 36,501 பேர். வந்துபோகிறவர்கள் அதில் சேர்த்தி இல்லை.)

அதே 1901ல் மிஷனரிப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கியது. ‘ஹைகிளர்க்’ என்ற பழைய விடுதிக் கட்டடத்தில் 13 பிள்ளைகள். பொறுப்பேற்றவர் அமெரிக்காவிலிருந்து மகனைப் பார்க்க வந்த மார்கரெட் எடி அம்மையார். அதுவரை பிள்ளைகளுக்கு ஏழெட்டு வயதானால் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும், மறுபடி பார்க்கப் பல ஆண்டாகும். தாய்மாருக்கு அந்தப் பிரிவு காலராவுக்கு அடுத்த பயம். ஏரிக்கரையில் பள்ளி வந்ததும் அது தீர்ந்தது. பங்களாக்களின் தன்மையும் மாறியது. கோடைக்கு மட்டும் வந்தவர்கள் பள்ளிக்கூட விடுமுறைக் கணக்கைப் பார்த்து வரவும் தங்கவும் தொடங்கினார்கள். அந்தப் பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல்.

யாழ்ப்பாணத்து நூல் அறுந்துவிடவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1936ல் கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலைக் கட்டியவர் லீலாவதி அம்மையார். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், யாழ்ப்பாணத்துப் பெரியவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி, சைவத்தைத் தழுவியவர். யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்கப் பாதிரியார்கள் கிறிஸ்துவைக் கொண்டுவந்த மலைக்கு, அதே யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி முருகனைக் கொண்டுவந்தார். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இனிச் சாலை. 1870களில் சென்னை–தூத்துக்குடி ரயில் பாதை வந்தபோது அம்மையநாயக்கனூரில் ஸ்டேஷன் கிடைத்தது. இன்றைய கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து மாட்டு வண்டியில் பெரியகுளம் வழி கிருஷ்ணம்மநாயக்கன்தோப்புக்கு வந்து, பிறகு டோலி. ரயிலடியிலிருந்து மலையுச்சிவரை 44 மைல். மேஜர் லா என்ற பொறியாளர் வத்தலக்குண்டுப் பக்கமிருந்து வண்டிச் சாலைக்குத் தடம் வெட்டத் தொடங்கியதும் அதே காலத்தில்தான். பணம் இல்லாமல் வேலை நின்றது. ஒரு தலைமுறைக்கு நின்றது என்றே சொல்லலாம். லாஸ் காட் சாலை முடிந்து மோட்டார் மேலே ஏறியது 1914ல்.

டோலி தூக்கியவர்களுக்கு அதன்பின் மலையில் வேலை இல்லை. பெரியகுளத்துக்கும் அடிதான். ஏறுகிறவர்கள் தங்குவதும் சாமான் வாங்குவதும் ஆள் பிடிப்பதும் அதுவரை அங்கேதான் நடந்தது. அந்த வியாபாரம் மெல்ல மெல்ல வத்தலக்குண்டுப் பக்கம் நகர்ந்தது. மலைவாழையும் பூண்டும் பேரிக்காயும் லாரியில் இறங்க வழி பிறந்ததால் பண்ணைக்காட்டுப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு நல்ல காலம். பங்களா கட்ட இனி தலைச்சுமை வேண்டாம் என்றானதும் ஏரிக்கு அப்பாலும் மனை விலை ஏறத் தொடங்கியது. கூலி காட் புல் மூடிக் கிடந்தது. ஆடு மேய்க்கிறவர்களும் வெள்ளகவிக்காரர்களும் மட்டும் கீழே போய்வர அந்தப் பக்கத்துப் பழைய ஒற்றையடிப் பாதைகளை விடவில்லை.

அடுத்த இதழில்: 1899ல் சென்னையிலிருந்து தொலைநோக்கியோடு மலையேறிய மிக்கி ஸ்மித், 1909ல் சூரியப் புள்ளியில் வாயு ஓட்டத்தைக் கண்டுபிடித்த எவர்ஷெட், தாது வருஷப் பஞ்சத்துக்கும் கொடைக்கானல் வானாய்வு நிலையத்துக்கும் உள்ள தொடர்பு.